காடர்டு கண்ட கனவு

அமெரிக்க நாட்டின் வூஸ்டர் நகரில் 1882ஆம் ஆண்டு பிறந்தவர் இராபர்ட் காடர்டு. பதினேழாம் அகவையில், பட்ட கிளைகளைக் கழிப்பதற்காகச் செர்ரி மரமொன்றில் ஏறினார். செவ்வாய்க் கோளுக்குச் செல்லும் பொறியை அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கே உதித்தது. அந்நாளை அவர் வாழ்நாளெல்லாம் போற்றினார்.

பின்னர் அவர் இயற்பியல் பேராசிரியரானார். இராக்கெட்டு பின்னோக்கி உமிழும் வளியே அதனை முன்னோக்கி உந்துகிறது. ஆதலின் காற்றில்லா வெளியிலும் அது செல்லும் என்பதை ஆய்வினால் நிறுவினார். ஆயினும் 1920இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், பள்ளிப் பாடமும் அறியாதவர் என அவரை எள்ளி நகையாடியது. பிழை இதழினுடையதே! காடர்டு பேச்சைக் குறைத்துப் பணியைப் பெருக்கினார்.

1926 மார்ச்சு 16ஆம் நாள், ஆபர்ன் என்னும் ஊரில் உறவினர் பண்ணையொன்றிற்கு இராக்கெட்டைக் கொண்டு சென்றார். பெட்ரோலும் நீர்ம ஆக்ஸிஜனும் அதன் உந்துபொருள்கள். உடனிருந்தோர் மனைவியார் எஸ்தரும் துணைவர் இருவருமே. நெருப்பு மூட்டியும் இராக்கெட்டு உடனே எழவில்லை. எரிபொருள் எரிந்து எடை குறைந்த பின்னரே எழுந்தது. ஏழு நொடியே ஓடவல்ல எஸ்தர் அம்மையாரின் படப்பொறியோ அதற்குள் நின்றுவிட்டது! இரண்டரை நொடியில் 41 அடி உயர்ந்து, 184 அடி தொலைவிலிருந்த முட்டைக்கோசுத் தோட்டத்தில் இராக்கெட்டு வீழ்ந்தது. நீர்ம எரிபொருளால் பறந்த முதல் இராக்கெட்டு அதுவே.

1929இல் எழுந்த பேரொலியால் அக்கம்பக்கத்தார் அஞ்சினர். எனவே, குகன்ஹைம் என்னும் செல்வர் அளித்த பொருளுதவியுடன் நியூ மெக்ஸிகோவின் வறண்ட வெளியில் ஆய்வைத் தொடர்ந்தார். 1945இல் அவர் மறைந்தார்.

1969 ஜூலை 17ஆம் நாள், மூவர் திங்களை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபொழுது, அந்நாளிதழ் தன் பழைய பிழைக்கு வருந்தித் திருத்தம் வெளியிட்டது.