முயல் கதை எழுதிய ஆட்டுக்கார அம்மா



நீலக் கோட்டு போட்ட ஒரு குட்டி முயல். அம்மா பேச்சைக் கேட்காமல் பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுந்து முள்ளங்கி தின்று, தோட்டக்காரரிடம் மாட்டிக்கொள்ளாமல் தப்பி ஓடி வரும். பீட்டர் என்கிற அந்த முயலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கதையை எழுதிப் படமும் வரைந்தவர் பீட்ரிக்ஸ் பாட்டர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. வாழ்க்கையின் பின்பாதியில் அவர் மலையில் ஆடு வளர்த்தார். அந்த ஆட்டுக்கார அம்மாவைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

1866 ஜூலை 28-இல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஆசிரியை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். விளையாடத் தோழிகள் இல்லை. அவரும் தம்பியும் முயல், எலி, முள்ளெலி, வௌவால் என்று அறைக்குள்ளேயே ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்தே படம் வரையக் கற்றுக்கொண்டார். காளான்களையும் ஆராய்ந்து 1897-இல் ஒரு கட்டுரை எழுதினார். லின்னேயன் சங்கம் என்ற அறிவியல் சங்கத்தில் அது வைக்கப்பட்டபோது அவர் அங்கே இல்லை. கூட்டத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்றிருந்த காலம்!

1893-இல், தன் பழைய ஆசிரியையின் ஐந்து வயது மகன் நோயில் படுத்திருக்க, அவனுக்குப் படம் போட்டு ஒரு கடிதம் எழுதினார். அதுதான் பீட்டர் முயல் கதை. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. 1901-இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டு ஒரு பதிப்பகம் அதை வெளியிட, புகழும் பணமும் வந்தன. அந்தப் பதிப்பகத்தைச் சேர்ந்த நார்மன் வார்னுக்கும் அவருக்கும் 1905-இல் திருமணம் நிச்சயமானது. ஒரே மாதத்தில் நார்மன் இறந்துபோனார். துக்கத்தில் இருந்த பீட்ரிக்ஸ், அதே ஆண்டு புத்தகப் பணத்தைக் கொண்டு வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார்.

ஏரி மாவட்டம் என்றால் ஏரிகள் மட்டுமல்ல, மலைகளும்தான். மழை, பனி, ஊதைக்காற்று எல்லாம் அங்கே அதிகம். அங்கேதான் ஹெர்ட்விக் என்ற செம்மறி ஆடு இருக்கிறது. பிறக்கும்போது குட்டி கறுப்பு. வளர வளர உடம்பு சாம்பல் நிறமாகும், முகம் வெளுக்கும். பனிக்குள் பல நாள் புதைந்து கிடந்தும் பிழைத்து எழுந்த ஆடுகள் உண்டு. பசிக்குத் தன் கம்பளியையே கடித்துத் தின்னுமாம்!

அந்த மலைகளில் பெரும்பகுதிக்கு வேலி கிடையாது. எந்த மந்தை எந்தச் சரிவில் மேய வேண்டும் என்பது ஆடுகளுக்கே தெரியும். தாய் ஆடு தன் குட்டியைக் கூடவே கூட்டிப்போய்ப் பழக்குகிறது. அந்தக் குட்டி பெரிதாகித் தன் குட்டியைப் பழக்குகிறது. வெளியூரிலிருந்து வாங்கி வந்து விட்டால், அந்த ஆடு வழி தெரியாமல் அலைந்து எங்கோ போய்விடும்.

இவ்வளவு கெட்டிக்கார ஆட்டை விவசாயிகள் ஏன் கைவிடத் தொடங்கினார்கள்? ஹெர்ட்விக் கம்பளி முரடானது. அதற்கு விலை இறங்கிவிட்டது. வேறு இன ஆடுகளோடு கலந்தால் அதிக லாபம் என்று பலர் நினைத்தார்கள். வயிற்றுப்பாடு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வட்டாரத்துப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, இந்த ஆட்டைக் காக்க 1899-இல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அவர் பீட்ரிக்ஸின் இளம் வயதிலிருந்தே குடும்ப நண்பர்.

1913-இல் வில்லியம் ஹீலிஸ் என்ற வழக்கறிஞரை பீட்ரிக்ஸ் மணந்தார். 1923-இல் ட்ரௌட்பெக் பார்க் என்ற பெரிய மலைப்பண்ணையை வாங்கினார். சுமார் 2,000 ஏக்கர்! ஆடுகளுக்கோ ஈரலில் புழு. டாம் ஸ்டோரி என்ற கைதேர்ந்த மேய்ப்பரை வேலைக்கு வைத்து, மருந்து கொடுத்து மந்தையைத் தேற்றினார். முரட்டுக் கம்பளிப் பாவாடையும், தோளில் சாக்குமாக மழையில் நடந்து போவார். வழியில் போன ஒரு நாடோடி, இவரும் தன்னைப்போல வீடில்லாதவர் என்று நினைத்துப் பரிதாபப்பட்டானாம்! அவரது ஆடுகள் கண்காட்சிகளில் பரிசுகளாக வாங்கிக் குவித்தன.

குழந்தைகளே, ஓர் இனத்தைக் காக்க நாலு ஆட்டை மட்டும் கட்டி வளர்த்தால் போதாது. தாத்தாவின் மூக்கு பேரனுக்கு வருவதுபோல, குளிர் தாங்கும் உடம்பும் நோயை எதிர்க்கும் சக்தியும் மரபணு வழியாகத்தான் குட்டிக்கு வருகின்றன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகினால் குட்டிகள் நலிந்துபோகும். அதனால்தான் ஹெர்ட்விக் விவசாயிகள் கிடாய்களை ஒருவருக்கொருவர் வாடகைக்கு விட்டார்கள். வாடகைக் கிடாய்களை மே மாதம் கெஸ்விக் ஊர்ச் சந்தையில் திருப்பிக் கொடுப்பார்கள். இது மரபணு என்ற சொல் பிறப்பதற்கு முன்பே வந்த வழக்கம்!

1943-இல் ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பொறுப்புக்குத் தேர்வான முதல் பெண் அவர்தான். ஆனால் பதவி ஏற்கும் முன்பே, டிசம்பர் 22-இல் இறந்துவிட்டார். அவருடைய சாம்பலைத் தூவியவர் டாம் ஸ்டோரி. எந்த இடம் என்று ஊராரிடம் அவர் சொல்லவில்லை.

4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு உயில் எழுதி வைத்திருந்தார் பீட்ரிக்ஸ். அதில் ஒரு நிபந்தனை: மலைப்பண்ணைகளில் கலப்பில்லாத ஹெர்ட்விக் மந்தைகளே இருக்க வேண்டும். குடியானவர் மாறினாலும் மந்தை பண்ணையிலேயே தங்கும்.

2001-இல் பிரிட்டனைக் கோமாரி நோய் தாக்கியது. நோய் பரவாமலிருக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். ஹெர்ட்விக் ஆடுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே வட்டாரத்தில்தான் இருந்தன. நோயும் அங்கேயே வந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் மடிந்தன. விஞ்ஞானிகள் அவசரமாக விந்தையும் கருக்களையும் சேகரித்து உறையவைத்தார்கள். ஆனால் மலைச்சரிவின் எல்லையைக் குளிர்பெட்டியில் இருக்கும் கருவுக்கு யார் சொல்லித்தருவது? மலையில் மிஞ்சிய தாய் ஆடுகள்தான் அந்த வேலையைச் செய்தன.

2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. உலகில் மிகச் சில இனங்களில் மட்டுமே காணப்பட்ட மிகப் பழங்கால மரபணு அடையாளங்கள் ஹெர்ட்விக் ஆட்டில் இருக்கின்றன என்று அது கண்டறிந்தது. அப்படியொரு பொக்கிஷம் அந்தச் சாம்பல் ஆட்டுக்குள் இருப்பது பாட்டருக்கும் தெரியாது, டாம் ஸ்டோரிக்கும் தெரியாது. ஏரி மாவட்டத்து மலைகளில் இன்றும் வசந்த காலத்தில் கறுப்புக் குட்டிகள் தாயின் பின்னால் சரிவேறிப் போகின்றன.