நத்தாருக்கு மறுநாள் வந்த தூதர்: கர்தினால் அந்தோனியோ சமோரே



வேலிச் சண்டை எத்தகையது என்று உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கதியால் ஒன்று அரை முழம் தள்ளி நாட்டப்பட்டதற்காக, ஒரே கோவிலில் பூசை கண்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வீடு திரும்பும் குடும்பங்களை எந்தப் பங்கிலும் காணலாம். காணியின் விலையிலும் வழக்குச் செலவு கூடிவிட்டது என்பது இரு பகுதியாருக்கும் தெரியும். ஆனாலும் விட மனம் வராது. இத்தகைய ஒரு வேலிச் சண்டை, இரண்டு கத்தோலிக்க நாடுகளுக்கிடையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்து, 1978ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் பெரும் போராக மூளவிருந்தது. எழுபத்து மூன்று வயதில் அதைத் தடுக்கப் புறப்பட்ட ஒரு குருவானவரின் வாழ்க்கையையே இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம்.

அவர் பெயர் அந்தோனியோ சமோரே. இத்தாலியின் வட பகுதியில், பார்மா மாகாணத்தின் மலைப்பாங்கான பார்தி என்னும் ஊரில் 1905ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி பிறந்தார். 1928இல் பியாசென்சா மறைமாவட்டத்துக்கெனக் குருப்பட்டம் பெற்றார். பங்குப் பணியில் அவர் அதிக காலம் இருக்கவில்லை. திருச்சபையின் இராசதந்திர சேவைக்கு அழைக்கப்பட்டு முதலில் லித்துவேனியாவுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் உரோமையில் பாப்பரசரின் அரசுச் செயலகத்திலும், யுத்தம் முடிந்தபின் வாஷிங்டனிலும் பணியாற்றினார். பெருங்கூட்டத்தின் முன் நின்று பிரசங்கிக்கும் வேலை அல்ல இது. கடிதங்களை வாசிப்பதும், வந்தவர் சொல்வதைக் கேட்பதும், கேட்டதை வெளியே சொல்லாதிருப்பதுமே இச்சேவையில் உள்ள குருவின் நாளாந்த அலுவல். குருமடத்தில் இருக்கும் இளைஞருக்கு இது சுவையற்ற பணியாகத் தோன்றக்கூடும். சமோரே அவர்கள் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அதிலேயே கழித்தார்.

1950இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, கொலம்பியா நாட்டில் பாப்பரசரின் தூதுவராக நியமிக்கப்பட்டார். அந்நாடு அக்காலத்தில் இரு அரசியற் கட்சிகளின் பகையால் கிராமம் கிராமமாக இரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. கொன்றவரும் கத்தோலிக்கர், கொல்லப்பட்டவரும் கத்தோலிக்கர். ஒரே விசுவாசம் உடையவர் என்பதாற்கூட மனிதர் தாமாகச் சமாதானமாகி விடுவதில்லை என்பதை அங்கே அவர் நேரிற் கண்டார். 1953இல் உரோமைக்கு மீள அழைக்கப்பட்டு, உலக அரசுகளுடன் திருச்சபை நடத்தும் விவகாரங்களைக் கவனிக்கும் சபையின் செயலாளரானார். அப்பொறுப்பில் 1967 வரை இருந்தார். இலத்தீன் அமெரிக்காவின் ஆயர்களும் அரசியல்வாதிகளும் அவருக்கு நெருங்கிய அறிமுகமானது அக்காலத்திலேயே. 1968இல் மெடலீன் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்களின் புகழ்பெற்ற மாநாட்டிலும் அவர் தலைவர்களில் ஒருவராக அமர்ந்திருந்தார்.

1967 யூன் 26ஆந் திகதி பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். அன்றைய தினமே கர்தினாலானவர்களில் போலந்து நாட்டு ஆயர் கரோல் வொய்ற்றீலாவும் ஒருவர். பதினொரு ஆண்டுகளின் பின் அவரே பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரானார். சமோரே அவர்களோ 1974 முதல் வத்திக்கான் நூலகத்துக்கும் சுவடிச்சாலைக்கும் பொறுப்பாளராக இருந்தார். மற்றவர்களாயின் இனி ஏட்டுச் சுவடிகளோடு அமைதியாகக் காலங்கழிக்கலாம் என்று எண்ணியிருப்பார்கள்.

இனிச் சண்டைக்கு வருவோம். உங்கள் பிள்ளைகளின் உலகப் படத்தை விரித்து, தென் அமெரிக்காவின் தெற்கு முனையைப் பாருங்கள். அங்கே பெருந்தீவு ஒன்றும் அதன் தெற்கே பீகிள் நீரிணை என்னும் ஒடுங்கிய கடற்பாதையும் உண்டு. விஞ்ஞானி டார்வின் பயணஞ்செய்த கப்பலின் பெயரே அதற்கு இடப்பட்டது. அந்த நீரிணையின் கிழக்கு வாயிலில் பிக்ரன், லெனொக்ஸ், நுவேவா என்று மூன்று சிறு தீவுகள் கிடக்கின்றன. குளிரும் காற்றும் மழையுமே அங்கு மிகுதி. ஆடு மேய்க்கும் சில குடும்பங்களைத் தவிர அங்கே வாழ்ந்தவர் இல்லை எனலாம்.

சிலியும் ஆர்ஜென்ரீனாவும் 1881இல் எல்லை உடன்படிக்கை செய்தபோது, நீரிணைக்குத் தெற்கே உள்ள தீவுகள் சிலிக்கு உரியன என்று எழுதினர். ஆனால் நீரிணை கிழக்கே எவ்வழியாகச் செல்கிறது என்பதைத் தெளிவாக எழுதவில்லை. தீவுகளுக்கு வடக்கே செல்கிறது என்றால் அவை சிலிக்கு. தெற்கே திரும்புகிறது என்றால் ஆர்ஜென்ரீனாவுக்கு. சிலி பசுபிக் சமுத்திரத்துக்கு உரிய நாடு, அத்திலாந்திக்கில் அதற்கு இடமில்லை என்பது ஆர்ஜென்ரீனாவின் நெடுநாள் வாதம். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உரிமை கோரும் வழக்கம் உலகில் வந்தபின் அந்த மூன்று பாறைத் தீவுகளின் பெறுமதி பன்மடங்காகப் பெருகிற்று. தீவு யாருக்கோ, மீனும் கடலடிச் செல்வமும் தென்துருவத்தை நோக்கிய உரிமைக்கோரிக்கையும் அவருக்கே என்ற நிலை உண்டாயிற்று.

1971இல் இரு நாடுகளும் வழக்கை நடுத்தீர்ப்புக்கு விட்டன. பழைய உடன்படிக்கையின்படி நடுவர் பிரித்தானிய முடி. ஆனால் போக்லாந்துத் தீவுகள் பற்றி ஆர்ஜென்ரீனாவுக்கும் பிரித்தானியாவுக்கும் ஏற்கெனவே பிணக்கு இருந்தமையால், உண்மையில் விசாரித்தவர்கள் சர்வதேச நீதிமன்றத்தைச் சேர்ந்த ஐந்து நீதியரசர்களே. 1977 மே மாதம் வெளிவந்த தீர்ப்பு மூன்று தீவுகளும் சிலிக்கே உரியன என்றது. 1978 ஜனவரியில் ஆர்ஜென்ரீனா அத்தீர்ப்பு செல்லாது என அறிவித்தது. நீதிமன்றம் போனவர் தோற்றபின் நீதிமன்றத்தையே மறுத்தால் அடுத்தது என்ன? இரு நாடுகளையும் அவ்வேளை ஆண்டவர்கள் இராணுவத் தளபதிகள்: ஆர்ஜென்ரீனாவில் விடேலா, சிலியில் பினோஷே.

அவ்வாண்டு முழுவதும் பேச்சுக்கள் நடந்து முறிந்தன. மூன்றே மாதங்களில் மூன்று பாப்பரசர்களைத் திருச்சபை கண்ட ஆண்டு அது என்பது மூத்தோருக்கு நினைவிருக்கும். முப்பத்து மூன்று நாட்களே ஆட்சி செய்த முதலாம் அருளப்பர் சின்னப்பரும் இரு நாட்டு ஆயர்களுக்கும் சமாதானம் வேண்டிக் கடிதம் எழுதிவிட்டே மறைந்தார். டிசெம்பரில் பாப்பரசரை மத்தியஸ்தராக ஏற்கலாம் என்று இரு வெளிநாட்டு அமைச்சர்களும் இணங்கினார்கள். ஆயினும் ஆர்ஜென்ரீனத் தளபதிகள் சபை அதற்கு இடங்கொடுக்கவில்லை. டிசெம்பர் 22ஆந் திகதி தீவுகளைக் கைப்பற்றுவது எனத் திட்டமிட்டுக் கப்பற்படை தெற்கே சென்றது. அந்தக் கடலில் பெரும் புயல் ஒன்று கிளம்பிப் படையைத் தாமதப்படுத்தியது. அதற்குள் பாப்பரசர் தமது தனிப்பட்ட தூதரை அனுப்ப முன்வருவதாக இரு அரசுகளுக்கும் அறிவிக்க, அவை ஏற்றன. தாக்குதல் நிறுத்தப்பட்டது. புயலை அற்புதம் என்று சொல்லிக்கொள்வதில் நாம் அவசரப்படாதிருப்போமாக. புயல் தந்தது சில மணி நேரந்தான். அந்த நேரத்தைப் பயன்படுத்த ஆள் வேண்டியிருந்தது.

அனுப்பப்பட்டவர் சமோரே. நத்தாருக்கு மறுநாள், டிசெம்பர் 26ஆந் திகதி, அவர் புவெனோஸ் ஐரெஸ் நகரில் வந்திறங்கினார். புதுவருடப் பிறப்பும் அடங்கலாக அடுத்த இரு வாரங்களும் அந்த முதியவர் அந்நகருக்கும் சந்தியாகோவுக்கும் இடையே அந்தீஸ் மலைத்தொடரின் மேலாக மாறி மாறிப் பறந்தார். இரு தலைநகரங்களிலும் பாப்பரசரின் தூதுவர்களாயிருந்த பியோ லாகி, அஞ்சலோ சொடானோ ஆண்டகைகள் அவருக்குத் துணையாயிருந்தனர். அவர் கையில் படையும் இல்லை, பணமும் இல்லை. பாப்பரசரை நேரடியாக மறுப்பதற்கு அத்தளபதிகளுக்கு இருந்த கூச்சம் ஒன்றே அவருடைய பலம்.

1979 ஜனவரி 8ஆந் திகதி, மூன்றாவது நாடான உருகுவேயின் தலைநகர் மொன்ரிவிடியோவில், தராங்கோ மாளிகையில் இரு வெளிநாட்டு அமைச்சர்களும் அவர் முன்னிலையில் கையொப்பமிட்டார்கள். வாசகர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: மத்தியஸ்தம் செய்யும்படி இரு அரசுகளும் கேட்டதோடு கர்தினால் திருப்தியடையவில்லை. கேட்பது எளிது. கேட்டுக்கொண்டே துப்பாக்கியைக் குறிபார்த்திருக்கவும் முடியும். ஆகவே வேண்டுகோளை ஏற்பதற்கு அவர் நிபந்தனை வைத்தார். பலாத்காரத்தைப் பயன்படுத்துவதில்லை, படைகளைப் படிப்படியாக 1977 தொடக்கத்து நிலைக்குத் திருப்புவது, இணக்கத்தைக் குலைக்கும் செயல்களைத் தவிர்ப்பது என்று எழுத்தில் வாங்கினார். பிந்திய ஆண்டுகளில் சமாதானம் பிழைத்தது இந்த மூன்று வாக்குறுதிகளால் என்பதே எமது எண்ணம்.

இங்கே ஒரு கேள்வி எழும். அவ்விரு தளபதிகளின் ஆட்சியிலும் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், காணாமற்போனார்கள். தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியில் நின்றார்கள். அப்படிப்பட்டவர்களோடு ஒரு கர்தினால் ஒரே மேசையில் அமரலாமா? இக்கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. காணாமற்போன பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் தாய்க்கு எந்தச் சமாதான உடன்படிக்கையும் ஆறுதலாகாது. ஆயினும் போரைத் தடுக்கப் போகிறவன், போரைத் தொடங்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே போயாக வேண்டும். போர் மூண்டிருந்தால் செத்திருக்கக்கூடியவர்கள் தளபதிகள் அல்லர். கட்டாயச் சேவைக்கு எடுக்கப்பட்ட பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள், இரு கரையிலும் ஒரே செபமாலையைக் கழுத்தில் அணிந்தவர்கள். சமோரே அங்கே போனது அவர்களுக்காகவே என்று நாம் கொள்கிறோம்.

1979 மே மாதம் உரோமையில் வேலை தொடங்கியது. முதலில் இரு தரப்பாரையும் வேறுவேறாக அழைத்துக் கேட்டார். இணங்கக்கூடிய சிறு காரியங்களை முதலில் எடுத்து, தீவுகளைப் பின்னுக்கு வைத்தார். 1980 டிசெம்பர் 12ஆந் திகதி பாப்பரசர் தமது யோசனையை இரு தரப்பாரிடமும் கொடுத்தார். தீவுகள் சிலிக்கு, அவற்றுக்கு அப்பாலுள்ள கடலின் ஒரு பகுதி இரு நாடுகளுக்கும் பொதுவானது என்பது அதன் சாரம். சிலி ஏற்றது. ஆர்ஜென்ரீனா ஏற்கவுமில்லை, முற்றாகத் தள்ளவுமில்லை. 1981 ஏப்பிரலில் அந்நாடு எல்லையையே மூடியது. அடுத்த ஜனவரியில், பிணக்குகளை நீதிமுறையால் தீர்ப்பதாக 1972இல் செய்த உடன்படிக்கையிலிருந்து விலகுவதாகவும் அறிவித்தது. 1982 ஏப்பிரலில் போக்லாந்துத் தீவுகளில் படையிறக்கி, பிரித்தானியாவுடன் போரிட்டு, யூனில் தோற்றது. தெற்கே நடக்காமல் தடுக்கப்பட்டது கிழக்கே நடந்தேவிட்டது. அப்போரில் ஆர்ஜென்ரீனரில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கர்தினால் மேசையை விட்டு எழவில்லை. காலாவதியாகவிருந்த 1972ஆம் ஆண்டு உடன்படிக்கையை இறுதித் தீர்வு வரை நீடிக்க இரு தரப்பாரையும் 1982 செப்ரெம்பரில் இணங்கச் செய்தார். அவர் கண்ட கடைசிப் பலன் அதுவே. 1983 பெப்ரவரி 3ஆந் திகதி உரோமையில் இறைவனடி சேர்ந்தார். வேலை முடியவில்லை. கர்தினால் கசரோலியின் பொறுப்பில் மற்றவர்கள் அதைத் தொடர்ந்தார்கள்.

அவ்வாண்டு இறுதியில் ஆர்ஜென்ரீனாவில் மக்களாட்சி திரும்பியது. புதிய சனாதிபதி அல்போன்சின் காரியத்தை மக்களிடமே விட்டார். 1984 நவம்பர் 25ஆந் திகதி நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் உடன்பாட்டை ஆதரித்தனர். நான்கு நாட்களின் பின் வத்திக்கானில் சமாதான நட்புறவு உடன்படிக்கை கைச்சாத்தானது. தீவுகள் சிலிக்கு. கிழக்கேயுள்ள கடலின் பெரும்பகுதி ஆர்ஜென்ரீனாவுக்கு. மக்கள் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், ஆர்ஜென்ரீன செனற் சபையில் அது ஒரேயொரு வாக்கு வித்தியாசத்திலேயே நிறைவேறியது. 1985 மே 2ஆந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் அந்த எல்லையில் இரு நாடுகளும் போர்முனைக்கு வந்ததில்லை. பாப்பரசர் 1987இல் மொன்ரிவிடியோ, சிலி, ஆர்ஜென்ரீனா ஆகிய இடங்களுக்குச் சென்று அம்மக்களைச் சந்தித்தார்.

அந்தீஸ் மலையில் 1904இல், முந்திய ஒரு எல்லைப் பிணக்கு தீர்ந்த நன்றியாக, பழைய பீரங்கிகளை உருக்கி வார்த்ததாகச் சொல்லப்படும் கிறிஸ்துவின் திருச்சொரூபம் ஒன்று நிறுவப்பட்டிருந்ததைப் பலர் அறிவர். இந்த இரண்டாவது சமாதானத்துக்குச் சொரூபம் வைக்கவில்லை. அதற்குத் தெற்கே, சிலியின் ஒசோர்னோ நகரையும் ஆர்ஜென்ரீனாவின் ஏரிப் பிரதேசத்தையும் இணைக்கும் பூயேவே கணவாய்க்குக் கர்தினால் சமோரே கணவாய் என்று பெயரை மாற்றினார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,300 மீற்றருக்குச் சற்று மேலே, காடுகளுக்கும் எரிமலைகளுக்கும் நடுவே செல்லும் அவ்வழியில் இரு நாட்டு பஸ் வண்டிகளும் லொறிகளும், விடுமுறைக்குப் புறப்பட்ட குடும்பங்களும் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருகின்றன.