பொற்பதக்கமும் தூக்குக் கயிறும்

பெரம்பலூருக்கு வடக்கே ஓங்கி நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டை, 1751ஆம் ஆண்டு கருநாடகப் போரின் வெம்மையை நேரில் கண்டது. அங்கே சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஓர் அணி. நவாபு முகமது அலியும் ஆங்கிலேயரும் எதிரணி. அப்போர் தெற்கே நகர்ந்து திருச்சிராப்பள்ளியை அடைந்தபோது புகழ்பெற்ற பெயர்தான் கான் சாகிபு எனப்படும் முகமது யூசுப்கான்.

இராமநாதபுரச் சீமையின் பனையூரில் வேளாளர் குடியில் பிறந்து, மருதநாயகம் என்ற பெயருடன் வளர்ந்து, இஸ்லாத்தைத் தழுவியவர் அவர் என்பர். 1752 முதல் 1754 வரை நீடித்த திருச்சிப் போரில், பகைவர் காவலுக்கிடையே உணவு வண்டிகளை நகருக்குக் கொண்டு சேர்த்த பெருமை அவருக்குண்டு. இடையில் இரண்டகம் செய்ததாகப் பொய்ப்பழி ஒன்று அவர்மீது சுமத்தப்பட்டது. விசாரணையில் அது பொய்யெனத் தெளிவாயிற்று. தளபதி லாரன்சு அவர் திறனை வியந்தார். கம்பெனி பொற்பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராகவும் உயர்த்தியது.

பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. ஏரிகளும் கால்வாய்களும் செப்பனிடப்பட்டன. மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய மானியங்கள் மீண்டன. எனினும் அவர் வாழ்வில் ஒரு நிழலும் உண்டு. ஆங்கிலேயருக்குத் திறை செலுத்த மறுத்த பூலித்தேவரின் நெற்கட்டும்செவலை 1761இல் வீழ்த்திய வாளும் அவருடையதே.

அவ்வாளே ஈராண்டில் திசை திரும்பியது. நவாபுக்குக் கீழ்ப்பட மறுத்து, 1763இல் மதுரைக் கோட்டையில் தம் கொடியை உயர்த்தினார். முதல் முற்றுகை தோற்றது. 1764 சூன் மாதத் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. பீரங்கியால் ஆகாததைப் பசியும் வஞ்சகமும் செய்தன. அக்டோபர் 13 அன்று உடனிருந்தோரே அவரைப் பிணித்துப் பகைவரிடம் ஒப்படைத்தனர். இரண்டே நாளில், அக்டோபர் 15 அன்று, மதுரைக்கு அருகே தூக்கிலிடப்பட்டார். பதக்கம் அளித்தவர்களின் கண்ணெதிரிலேயே அந்தக் கயிறு இறுகியது.

மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இன்றும் உள்ளது. அந்நியர் தந்த பதக்கத்தை நாட்டார் நினைவு பெரிதாகப் போற்றவில்லை. அது போற்றியது, பெற்ற சிறப்பையெல்லாம் துறந்து கோட்டைக்குள் தனித்து நின்ற அந்த இறுதி ஈராண்டையே. கான் சாகிபு சண்டையைக் கதைப்பாடலாக்கிக் காத்தவர்கள் பெயர் அறியாப் புலவர்கள். வென்றவர் எழுதிய ஏட்டில் துரோகி. மக்கள் பாடிய பாட்டில் வீரர். எந்தப் பெயர் நிலைக்கும் என்பதைக் கவிஞனின் நாவும் முடிவு செய்கிறது.