சைலீசியாவின் ரீடன் பிரபு

கைத்தொழிற் பெருக்கத்தைப்பற்றிப் பேசப் புகுந்தால் மான்செஸ்டரையும் பர்மிங்ஹாமையும் நினைத்த அளவிலே நாம் நின்றுவிடுகின்றோம். ஐரோப்பாவின் நடுவே, மூன்று அரசுகள் ஒன்றோடொன்று முட்டிய ஓர் எல்லை மாகாணத்தைக் கரியும் இரும்பும் விளையும் நாடாக்கிய பிரெடரிக் வில்ஹெல்ம் வான் ரீடன் என்பாரை நம்மிற் பலர் அறியார். அவருடைய வரலாற்றைச் சுருக்கமாய் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சைலீசியா என்பது ஓடர் நதியின் இருமருங்கும் பரந்து கிடக்கும் நாடு. நெடுங்காலம் ஆஸ்திரிய அரசருக்கு உட்பட்டிருந்த அதனை 1740-ம் ஆண்டிற் பிரஷ்ய மன்னர் மகா பிரெடரிக் படையெடுத்துக் கைப்பற்றினார். மூன்று போர்கள் நடந்து, 1763-ல் சமாதானமான பின்னரே அது அவருக்கு உறுதியாயிற்று. அம்மாகாணத்து மலைச்சாரலில் நெய்த லினன் துணி கடல் கடந்தும் விலைபோயிற்று. ஆயின், மேல் சைலீசியா எனப்படும் தென்கிழக்குக் கோடியோ காடடர்ந்து கிடந்தது. அங்கே டார்னோவிட்ஸ் என்னும் ஊரில் முற்காலத்தில் வெள்ளியும் ஈயமும் எடுத்த சுரங்கங்கள் நீர் நிறைந்து பாழாயின.

ரீடன் சைலீசியரும் அல்லர், பிரஷ்யரும் அல்லர். ஹானோவர் நாட்டைச் சார்ந்த ஹாமெல்ன் நகரில் 1752-ம் ஆண்டிற் பிறந்தவர். அவருடைய மாமனாகிய ஹைனிட்ஸ் பிரஷ்யாவின் சுரங்க மந்திரியாயிருந்தார். மாமன் தயவால் வந்த உத்தியோகமென்று அக்காலத்தவர் நினைத்திருப்பின் அதில் வியப்பில்லை. 1779-ல் சைலீசியச் சுரங்க இலாகாவின் தலைமையை ஏற்றபோது அவருக்கு வயது 27 தான்.

நீரை இறைக்காமல் சுரங்கம் இல்லை. 1784-ல் டார்னோவிட்ஸில் மீண்டும் தாது கண்டார்கள். உடனே பழைய பகையாகிய நீரும் புறப்பட்டது. குதிரைகளைப் பூட்டி இறைத்தும் மாளவில்லை. ஆகவே ரீடன் இங்கிலாந்தின் நீராவி யந்திரத்தை நாடினார். பிற்காலத்திற் பெரும் சீர்திருத்தக்காரராய் விளங்கிய ஸ்டைன் பிரபுவுடன் 1786-ல் அந்நாட்டிற்குச் சென்று ஆலைகளைப் பார்வையிட்டார். ஆங்கில யந்திரக்காரர் இவ்விருவரையும் சந்தேகக் கண்கொண்டே நோக்கினர். அவர்கள் நோக்கியது அநியாயமன்றென்றே நமக்குத் தோன்றுகிறது! வேல்ஸ் நாட்டில் வார்த்த யந்திரமொன்று 1788-ல் டார்னோவிட்ஸில் நீர் இறைக்கத் தொடங்கிற்று. அந்த அதிசயத்தைக் காண 1790-ல் மகாகவி கெதே வைமார் பிரபுவுடன் அவ்வெல்லைப்புறத்திற்கு வந்தார்.

நிற்க, ரீடனுடைய பெரிய எண்ணம் இரும்பைப்பற்றியது. அந்நாளில் இரும்பை மரக்கரியால் உருக்கினர். ஓர் உலை எரிய ஒரு காடு அழியவேண்டும். நிலக்கரியை அப்படியே உலையிலிட்டால் அதிலுள்ள கந்தகம் இரும்பைக் கெடுக்கும். அதனை முன்னரே சுட்டு, 'கோக்' என்னும் கரியாக்கி இடவேண்டும். இம்முறையை 1789-ல் மாலபானே ஆலையிற் சோதித்தனர். பின்பு ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் பெயில்டன் என்னும் இளைஞரின் துணைகொண்டு, 1796-ல் கிளைவிட்ஸ் நகரிற் கோக் ஊதுலையை மூட்டினர். அவ்வாண்டிலேயே மாலபானேயில் வார்த்த இரும்புப் பாலமொன்று லாசான் என்னும் ஊரில் ஓர் ஆற்றின்மேல் நின்றது. ஐரோப்பியக் கண்டத்தின் முதல் இரும்புப் பாலங்களுள் அதுவும் ஒன்று. ஸாப்ரஸேயிற் கரிச் சுரங்கமும், கோனிக்ஸ்ஹூட்டேயிற் பேருலைகளும் எழுந்தன.

சரக்கு இருந்தென்ன, சந்தைக்குப் போக வழி வேண்டாவா? கிழக்கும் தெற்கும் அந்நிய எல்லைகள். ஓடர் நதியே கடலுக்கு வழி. ஆகவே கிளைவிட்ஸிலிருந்து ஓடர் வரைக்கும் குளோட்னிட்ஸ் கால்வாயை 1792-ல் வெட்டத் தொடங்கினர். அது முடிய இருபது ஆண்டுகள் சென்றன.

1802-ல் மாமன் இறக்க, ரீடன் அவருடைய பதவியை அடைந்தார். நான்கே ஆண்டுகளிற் பேரிடி விழுந்தது. 1806-ல் யேனா யுத்தத்திற் பிரஷ்யப் படை சிதறியது. நெப்போலியன் பெர்லினுக்குள் நுழைந்தார். மன்னரும் அவரைச் சார்ந்தவர்களும் கிழக்கே ஓடிப்போயினர். ரீடனோ சுரங்கங்களையும் ஆலைகளையும் காப்பாற்றக் கருதி, வேறு சில மந்திரிகளோடு பெர்லினில் தங்கி, வெற்றிகொண்டவர்க்கு விசுவாசப் பிரமாணம் செய்தார். சமாதானமான பின்பு, 1807-ல், மன்னர் அவரை உத்தியோகத்தினின்று நீக்கினார்.

இதனைக் குறித்து இருவேறு வழக்குரைக்கலாம். மன்னரின் உப்பைத் தின்றவர் மாற்றானுக்குப் பிரமாணம் செய்யலாகாதென்பது ஒன்று. யந்திரங்களுக்கு உரியவர் போய்விட்டால் சுரங்கம் ஒரு மாதத்தில் நீரில் அமிழும். பின்பு எந்த மன்னருக்கும் பயன்படாதென்பது மற்றொன்று. நாம் பின்னதன் பக்கமே சாய்கின்றோம். எனினும் முன்னதை எளிதிற் புறக்கணிக்கத் துணியோம்.

பதவியிழந்த ரீடன் மலையடியிலுள்ள புக்வால்டு என்னும் தம் பண்ணைக்குத் திரும்பி, மனைவி பிரெடரிக்காவுடன் வாழ்ந்தார். 1812-ல் கால்வாய் முடிவெய்தியபோது அவர் வெறும் நிலக்கிழார். 1815-ம் ஆண்டு ஜூலை மாதத்திற் காலஞ்சென்றார். தாம் வளர்த்த சோலையிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

1853-ல் கோனிக்ஸ்ஹூட்டேயில் அவருக்குச் சிலை நாட்டினர். 1922-ல் ஜெர்மனிக்கும் போலந்துக்கும் நடுவே புது எல்லை கிழித்தபோது அந்நகர் போலந்தைச் சார்ந்து, பின்னர்க் கோர்ஸோவ் ஆயிற்று; கிளைவிட்ஸோ ஜெர்மனியிலேயே நின்றது. 1939-ல் சிலையைத் தள்ளினர். மறுபடி நிறுத்திய சிலை 1945-ல் உடைந்தது. அவ்வாண்டிலேயே மேல் சைலீசியாவின் தொழில் நகரங்கள் யாவும் போலந்தின் வசமாயின. ஜெர்மானியரான ரீடனுக்கு அந்நகரத்தில் மீண்டும் ஒரு சிலை எழுந்தது 2002-ம் ஆண்டில்.