பொம்மைச் செங்கல் தந்த தச்சர்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலையில், தொழிற்சாலையில் செய்து முடித்த புத்தம் புதிய கார்களையும் லாரிகளையும் காணலாம். அதே போன்ற லாரியை, பொம்மைச் செங்கற்களை அடுக்கி வீட்டுத் திண்ணையிலும் செய்யலாம். அதன் விளக்கை எரிய வைக்கவும் செய்யலாம்!

இந்தச் செங்கல்லை உலகமெங்கும் பரப்பியது லெகோ கம்பெனி. அதைத் தொடங்கியவர் பணக்காரர் அல்ல. டென்மார்க் நாட்டுக் கிராமத் தச்சர். அவர் பெயர் ஒலே கிர்க் கிறிஸ்தியான்சன்.

அடுக்கடுக்காகத் துன்பம்

அவர் 1891-ம் ஆண்டில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அண்ணனிடம் தச்சு வேலை கற்றார். 1916-ல் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஒரு பட்டறையை வாங்கினார்.

1924-ல் அவருடைய சிறு பிள்ளைகள் பசை காய்ச்சும் அடுப்பைப் பற்ற வைத்தார்கள். மரச் சீவலில் தீப்பிடித்தது. பட்டறையும் வீடும் சாம்பலாயின. அவர் மறுபடியும் கட்டினார்.

1932-ல் எங்கும் பணமுடை. வீடு கட்டுவார் இல்லை. தச்சு வேலை நின்றது. அதே ஆண்டில் மனைவியும் இறந்தார். தாயில்லாத நான்கு பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும். அவர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார்.

கயிற்றில் ஏறி இறங்கும் யோ-யோ பொம்மைகள் ஒரு சமயம் விற்காமல் தேங்கின. அவற்றை இரண்டாக அறுத்து, பொம்மை லாரிகளுக்குச் சக்கரமாக்கினார்!

மூன்றாவது பூச்சு

மர வாத்துகளுக்கு மூன்று முறை வார்னிஷ் பூசுவது அவர் வழக்கம். ஒரு முறை மகன் காட்பிரெட் இரண்டு பூச்சோடு நிறுத்தி, ரயிலுக்கு அனுப்பிவிட்டான். காசு மிச்சம் என்று மகிழ்ச்சியோடு சொன்னான். தந்தை மகிழவில்லை. பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாவது பூச்சையும் தனியாகவே பூசி முடிக்கச் சொன்னார். மகன் அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

1942-ல் பொம்மைத் தொழிற்சாலையும் எரிந்தது. அப்போதும் அவர் சோரவில்லை. போர் முடிந்தபின் பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் வாங்கினார். இங்கிலாந்தில் ஒருவர் செய்த பொம்மைச் செங்கல்லைப் பார்த்து, அதைத் திருத்தி, 1949-ல் தம் செங்கல்லை விற்றார். ஆனால் அடுக்கியது எளிதில் சரிந்தது.

மகன்தான் குறையைத் தீர்த்தார். செங்கல்லின் உள்ளே குழல்கள் வைத்தார். கீழ்ச் செங்கல்லின் குமிழ்களை அவை இறுகப் பிடித்தன. 1958 ஜனவரி 28-ல் அதற்கு உரிமை கேட்டு மனுச் செய்தார். அதே ஆண்டு மார்ச் 11-ல் தந்தை காலமானார்.

1962-ல் சக்கரங்கள் வந்தன. பொம்மைக் கார்கள் ஓடின. இன்று ஒளி ஊடுருவும் சிவப்புச் செங்கல்லுக்குப் பின்னே குட்டி விளக்கை வைத்து, குமிழ்களின் இடுக்கில் மெல்லிய கம்பியை ஓட்டிப் பின்விளக்கு எரிய வைக்கிறார்கள்.

1958-ல் செய்த செங்கல் இன்றைய செங்கல்லோடு பொருந்துகிறது. ஒரு பூச்சைக்கூடக் குறைக்க மறுத்த தச்சரின் கண்டிப்பு அதில் இருக்கிறது.