கரோலஸ் லின்னேயஸ் (1707 – 1778): இனங்காணலும் தொகுத்தறிவும்

பாகுபாடு, தொகுத்தறிவு ஆகிய இரு அலகுகளையும் தனித்தனியே மனனம் செய்யும் மாணவர்கள், அவ்விரண்டுக்கும் இடையிலான தொடர்பு யாது என வினவப்பட்டால் தடுமாறுவதுண்டு. ஒரு பொருளைக் கண்டதும், முன்னர் கண்டவற்றுள் இது இன்ன வகையைச் சேர்ந்தது என அறிவது இனங்காணல் ஆகும். அவ்வகையில் ஏற்கெனவே கண்ட பண்பு இப்பொருளிலும் இருக்கும் என எதிர்பார்ப்பது தொகுத்தறிவு அனுமானமாகும். முன்னது பிழைத்தால் பின்னதும் பிழைக்கும். இதனை விளங்கிக்கொள்வதற்குச் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளரான லின்னேயஸின் வாழ்க்கையை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

லின்னேயஸ் 1707 மே 23ஆம் திகதி தென் சுவீடனிலுள்ள றோஷுல்ட் என்னும் கிராமத்திற் பிறந்தார். தந்தையார் நில்ஸ் ஒரு லூத்தரன் மதகுரு. தோட்டக்கலையில் மிகுந்த ஈடுபாடு உடையவர். சிறு வயதிலேயே லின்னேயஸ் காணும் செடிகளின் பெயர்களையெல்லாம் தந்தையாரிடம் கேட்பார். மறுநாள் மறந்துவிட்டு மீண்டும் அதையே கேட்பார். பொறுமையிழந்த தந்தையார், மறப்பதாயின் இனிமேல் ஒரு பெயரும் சொல்லித்தர மாட்டேன் எனக் கண்டித்தாராம். அன்று முதல் பெயர்களை மனதில் இருத்துவதையே சிறுவன் தன் முழு வேலையாக்கிக் கொண்டான்.

1727இல் லுண்ட் பல்கலைக்கழகத்திலும் 1728 முதல் உப்சாலா பல்கலைக்கழகத்திலும் மருத்துவம் கற்றார். 1732இல் லாப்லாந்துப் பிரதேசத்திற் பயணஞ்செய்து தாவரங்களைச் சேகரித்தார். 1735இல் ஒல்லாந்து சென்று மருத்துவப் பட்டம் பெற்றதுடன், அவ்வாண்டிலேயே இயற்கையின் ஒழுங்குமுறை என்னும் பொருள்படும் 'சிஸ்ரமா நற்றுரே' நூலையும் வெளியிட்டார். முதற் பதிப்பு ஒரு சில பெரிய பக்கங்களை மட்டுமே கொண்டிருந்தது என்பதை நம்புவது கடினம்.

ஒல்லாந்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இலங்கை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியது. அம்ஸ்டர்டாம் நகரில் யொஹன்னஸ் பேர்மன் என்னும் தாவரவியலாளர் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலொன்றை எழுதிக்கொண்டிருந்தார். அவரைக் காணச் சென்ற லின்னேயஸுக்கு ஓர் உலர்ந்த மாதிரி காட்டப்பட்டது. அதன் பூவைச் சோதித்த லின்னேயஸ், இது 'லோறஸ்' என்னும் சாதியைச் சேர்ந்தது என்றார். இல்லை, இது கறுவா எனப் பேர்மன் மறுத்தார். கறுவாவும் அதே சாதியிலேயே அடங்கும் என்பதைப் பூவின் உறுப்புகளைக் கொண்டு லின்னேயஸ் விளக்கினார் என வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். பேர்மனும் மாதிரியைச் சரியாகவே இனங்கண்டிருந்தார். ஆனால் அவர் அறிந்தது தனியொரு தாவரத்தை; லின்னேயஸ் அறிந்தது ஒரு வகையை. தனியொன்றை அறிந்தவருக்கு அதற்கு அப்பாற் செல்ல வழியில்லை. வகையை அறிந்தவரோ தாம் முன்னொருபோதும் காணாத தாவரத்தைப் பற்றியும் அனுமானிக்கலாம். (கறுவா இன்று 'சின்னமோமம்' என்னும் வேறொரு சாதியில் வைக்கப்பட்டுள்ளது, எனினும் குடும்பம் அதுவே.)

லின்னேயஸ் பூவின் கேசரங்களை முதன்மையாகக் கொண்டு தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார். எண்ணத் தெரிந்த எவரும் ஒரு தாவரத்தை அதற்குரிய வகுப்பிற் சேர்த்துவிடலாம். இனங்காண்பதற்கு இதைவிட இலகுவான முறை அக்காலத்தில் இருக்கவில்லை. ஆனால் அனுமானத்துக்கு இது உதவுமா? ஐந்து கேசரங்களும் ஒரு தம்பமும் உடையவை என்பதால் கோப்பியும் புகையிலையும் ஒரே பிரிவில் அடங்கின. ஒன்றின் குணத்தை மற்றதற்கு ஏற்றிக் கூறினால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இது செயற்கைப் பாகுபாடு என்பதை லின்னேயஸே ஏற்றுக்கொண்டிருந்தார். பரீட்சையில் செயற்கைப் பாகுபாட்டுக்கு உதாரணம் கேட்கப்படின், நூலகத்தில் நூல்களை நிறப்படி அடுக்குதல் என எல்லோரும் எழுதுவதையே எழுதாது இதனை எழுதலாம்.

1751இல் வெளியான 'பிலோசோபியா பொற்றானிக்கா' என்னும் நூலில், ஒரே சாதியைச் சேர்ந்த தாவரங்கள் மருத்துவக் குணத்திலும் ஒத்திருக்கும் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். வைத்தியராகவும் இருந்த ஒருவருக்கு இது வெறும் ஏட்டுக் கருத்தன்று. நோயாளியின் உயிரோடு தொடர்புடையது. 'சொலானம்' சாதியை எடுத்துக்கொள்வோம். கத்தரி, உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றையும் நச்சுத்தன்மையுள்ள சில இனங்களையும் 1753இல் அவர் அச்சாதியிலேயே சேர்த்தார். அவ்விதியை அப்படியே பிரயோகித்தால் கத்தரிக்காய்க் கறியை எவரும் உண்ண முடியாது. அதேவேளை விதி முற்றாகப் பொய்யுமன்று. பச்சை நிறமான உருளைக்கிழங்கிலும் அதன் இலைகளிலும் சொலனைன் என்னும் நஞ்சு உண்டு. எடுகூற்றுகள் உண்மையாயினும் தொகுத்தறிவின் முடிவு நிகழ்தகவு உடையதே, நிச்சயமானதன்று என நாம் படிப்பதன் பொருள் இதுவே.

இங்கு உளவியல் ஆய்வு ஒன்றையும் குறிப்பிடுதல் தகும். ஸ்லவுட்ஸ்கி, பிஷர் ஆகிய இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பூனை, கரடி, பறவை ஆகியவற்றின் படங்கள் சிறுவர்களுக்கும் வளர்ந்தோருக்கும் காட்டப்பட்டன. ஒரு பூனையின் உடலுக்குள் இருப்பதாகக் கூறப்பட்ட பண்பு ஏனைய விலங்குகளிலும் உண்டா என அனுமானிக்கும்படி கேட்கப்பட்டது. பின்னர், முன்பு காட்டிய படங்கள் எவை, புதியவை எவை எனச் சோதித்தபோது, ஐந்து வயதுச் சிறுவர்கள் வளர்ந்தோரை விடச் சிறப்பாக இனங்கண்டனர். வளர்ந்தோர் பூனை என்னும் வகையைக் கண்டதும் அந்தப் பூனையைக் கவனிக்காது விட்டனர் என்பதே ஆய்வாளரின் விளக்கம். அனுமானம் எளிதாகும்போது தனியொன்றின் ஞாபகம் மங்கிப்போகிறது.

லின்னேயஸ் இதற்குத் தமது ஞாபகத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. உலர்ந்த தாவரங்களைப் புத்தகமாகக் கட்டாது தனித்தனித் தாள்களாக அலுமாரியில் வைத்தார். 1760களில் சிறு காகிதத் துண்டுகளிற் குறிப்பெழுதத் தொடங்கினார். புதிய மாதிரி வந்தால் தாளை எடுத்து ஒப்பிடலாம். வகை பிழையெனில் தாளை இடம் மாற்றலாம். 1735இல் மீன்களோடு வைத்த திமிங்கிலத்தை 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் முலையூட்டிகளோடு சேர்த்தார். இம்மாற்றத்தால் திமிங்கிலத்தைப் பற்றி அனுமானிக்கக்கூடியவை அனைத்தும் மாறின என்பதைக் கவனிக்க. 1753இல் வெளிவந்த 'ஸ்பீசிஸ் பிளாந்தாரம்' நூலில் ஏறத்தாழ 6,000 தாவர இனங்களுக்கு இருசொற் பெயரை வழங்கினார்.

இலங்கைக்கு அவர் வந்ததேயில்லை. 1670களில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இங்கு பணியாற்றிய போல் ஹேர்மன் சேகரித்த தாவரத் தொகுப்பு 1744இல் அவரது கைக்குக் கிடைத்தது. ஏழு தசாப்தங்களாக உலர்ந்து கிடந்த அப்பூக்களைச் சோதித்து, 1747இல் 'புளோரா சிலனிக்கா' என்னும் நூலை வெளியிட்டார்.

1741 முதல் உப்சாலாவில் பேராசிரியராக இருந்த லின்னேயஸை 1774இல் பாரிசவாதம் தாக்கியது. அதன் பின்னர் மீண்டும் ஒருமுறை நோய்வாய்ப்பட்டபோது ஞாபகம் முற்றாகக் குலைந்தது. ஆயிரக்கணக்கான தாவரங்களுக்குப் பெயரிட்டவர் தமது பெயரையே மறந்தார். தாம் எழுதிய நூல்களைப் புரட்டி மகிழ்வார். ஆனால் அவை தம்முடையவை என இனங்காண அவரால் இயலவில்லை. 1778 ஜனவரி 10ஆம் திகதி காலமானார்.

1784இல் அவரது தொகுப்பை ஜேம்ஸ் எட்வேர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ 14,000 தாவர மாதிரிகள் இலண்டன் சென்றன. ஹேர்மனின் தாள்களும் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலேயே உள்ளன. லின்னேயஸ் இலங்கைத் தாவரமொன்றுக்கு இட்ட பெயர் எதனைக் குறித்தது என ஐயம் எழும்போது, தாவரவியலாளர் அத்தாள்களையே பார்க்கின்றனர்.