'இடமில்லை' என்றது கேம்பிரிட்ஜ்... வீட்டிலேயே லேப் வைத்து சாதித்த ஆக்னஸ் ஆர்பர்! யார் இவர்?

நெல், மூங்கில், அருகம்புல்... இந்த மூன்றும் ஒரே குடும்பம்னு சொன்னா நம்புவீங்களா? அதுதான் உண்மை. மூன்றுமே புல் இனம். இந்தக் குடும்பத்தை உள்ளும் புறமும் அலசி 1934-ல் ஒரு பெரிய நூலை எழுதியவர் ஆக்னஸ் ஆர்பர். அந்த நேரத்தில் அவருக்கு இருந்த ஆய்வகம், அவர் வீட்டின் பின்பக்கத்துச் சின்ன அறைதான்.

ஓவியரின் மகள்

1879-ல் லண்டனில் பிறந்தார் ஆக்னஸ். அப்பா ஓவியர். அவரிடம் கற்றுக்கொண்ட வரைகலை கடைசிவரை கைகொடுத்தது. தன் ஆய்வுப் படங்களில் பெரும்பாலானவற்றை அவரே வரைந்தார்.

லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவருக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் எத்தல் சார்ஜண்ட். இவரும் வீட்டிலேயே ஆய்வகம் வைத்திருந்த தாவரவியலாளர். அங்கேதான் ஆக்னஸ் தாவர உடற்கூறியல் ஆய்வில் தேர்ச்சி பெற்றார்.

அதென்ன தாவர உடற்கூறியல்?

தண்டு, வேர், இலையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். நீர் எந்தக் குழாயில் ஏறுகிறது, இலை எங்கிருந்து முளைக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். பொறுமை ரொம்ப முக்கியம்.

அடுத்தடுத்து இழப்பு

1909-ல் தொல்தாவர ஆய்வாளர் நியூவெல் ஆர்பரைத் திருமணம் செய்தார். 1912-ல் பழைய மூலிகை நூல்களின் வரலாறு பற்றிய இவரது முதல் புத்தகம் வெளியானது. அடுத்த ஆண்டு மகள் பிறந்தாள். 1918-ல் கணவர் இறந்தார். அதே ஆண்டு சார்ஜண்டும் மறைந்தார்.

39 வயது, கையில் சின்னக் குழந்தை. ஆனாலும் ஆய்வை விடவில்லை. 1920-ல் நீர்த்தாவரங்கள் பற்றிய நூல் வந்தது. சார்ஜண்ட் எழுத வேண்டியிருந்த ஒருவித்திலைத் தாவரங்கள் நூலையும் பொறுப்பேற்று 1925-ல் முடித்துக் கொடுத்தார்.

மூடப்பட்ட கதவு

கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென்று இருந்த பால்ஃபர் ஆய்வகத்தில்தான் அதுவரை வேலை பார்த்தார். 1927-ல் அது மூடப்பட்டது. பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டார். துறைத் தலைவர் ஆல்பர்ட் சீவர்ட், இடமில்லை என்று கைவிரித்துவிட்டார். அப்போதே மூன்று முக்கிய நூல்களின் ஆசிரியர் அவர்!

ஆக்னஸ் வீட்டுக்குள்ளேயே மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டார். சமையல், மகள் வளர்ப்பு, ஆராய்ச்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ். புல் இனங்கள் பற்றிய அந்த 1934 நூல் உருவானது இப்படித்தான்.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஆய்வுக்கான பொருட்கள் கிடைப்பது கஷ்டமானது. உடனே எழுத்தின் பக்கம் திரும்பினார். இலை என்பது முழுமையடையாத ஒரு கிளைதான் என்ற தன் கருத்தை 1950-ல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். பல ஆண்டுகள் கழித்து, மரபணு ஆய்வுகள் வளர்ந்த பிறகு, விஞ்ஞானிகள் அந்தக் கருத்தை மறுபடியும் கையில் எடுத்தார்கள்.

தேடி வந்த அங்கீகாரம்

1946-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அந்தக் கௌரவம் பெற்ற மூன்றாவது பெண், முதல் பெண் தாவரவியலாளர். அப்போது வயது 67. 1948-ல் லின்னேயன் சொசைட்டியின் தங்கப் பதக்கமும் வந்தது. அதைப் பெற்ற முதல் பெண்ணும் இவரே. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தரத் தொடங்கியதும் அதே 1948-ல்தான்!

1960 மார்ச் மாதம் ஆக்னஸ் காலமானார்.